விமானப் பயிற்சிப் பள்ளிகளை யார், எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

பிளஸ் டூ முடித்த பிள்ளை பைலட் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்த வீட்டில் அடுத்த சில மாதங்களுக்கு அடிக்கடி காதில் விழுவது ‘டிஜிசிஏ அப்ரூவ்டு’, அதாவது மத்திய அரசின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது, என்பதுதான். விளம்பரத்தில் அது பெரிய எழுத்தில் இருக்கும். ஏஜெண்டும் அதையே சொல்வார். கேட்கிற பெற்றோருக்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உத்தரவாதம் போலத் தோன்றும். பிறகு எங்கோ ஒரு பயிற்சி விமானம் வயலில் விழுந்ததாகச் செய்தி வரும். உடனே ‘டிஜிசிஏ தூங்கிக்கொண்டிருந்ததா?’ என்ற கேள்வி எழும்.

இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: பள்ளியில் அன்றாடம் நடப்பதையெல்லாம் ஓர் அரசு அதிகாரி கூடவே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது. அப்படி யாரும் நிற்பதில்லை, நிற்கவும் முடியாது. கண்காணிப்பு எந்த வழியில் நடக்கிறது என்று புரிந்தால்தான் அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நாமே இறங்கி விசாரிக்க வேண்டும் என்பது தெரியும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. இதை அவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலும் பறக்கும் பள்ளியும்

நமக்குத் தெரிந்த டிரைவிங் ஸ்கூலை எடுத்துக்கொள்வோம். பள்ளி நடத்த ஆர்டிஓ அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். வண்டியில் இரட்டைப் பிரேக் இருக்கவேண்டும், சொல்லிக்கொடுப்பவருக்குத் தகுதி இருக்கவேண்டும். ஆனால் ஒருவர் எத்தனை நாள் வகுப்புக்குப் போனார் என்று லைசென்ஸ் கொடுக்கும் நாளில் யாரும் துருவிக் கேட்பதில்லை. அதிகாரி முன்னால் வண்டியை ஓட்டிக் காட்டினால் போதும். அந்தச் சில நிமிடச் சோதனையைத்தான் நம்பி உரிமம் தருகிறார்கள்.

விமானத்தில் இந்த முறை செல்லாது. வணிக விமானி உரிமம், அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்ட அனுமதிக்கும் சிபிஎல், வேண்டுமென்றால் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று ஓட்டியிருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்லும் பயணங்கள் 20 மணி நேரம். அவற்றுள் ஒன்று 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறியதாக இருக்கவேண்டும். இரவில் 5 மணி நேரம். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டியது 10 மணி நேரம்.

இறுதித் தேர்வு ஒன்றும் உண்டு. ஆனால் ஒருவர் உண்மையாகவே 200 மணி நேரம் பறந்தாரா என்பதை ஒரே நாளில் நடக்கும் எந்தத் தேர்வாலும் கண்டுபிடிக்க முடியாது. இங்கே பறந்த மணிநேரமே தகுதி. அந்த மணிநேரங்களைக் கொடுப்பதும் பள்ளிதான், எழுதிவைப்பதும் பள்ளிதான். அதனால் அரசு மாணவரைச் சோதித்தால் மட்டும் போதாது, பள்ளியையே தொடர்ந்து சோதிக்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: சாலையில் கடைசித் தேர்வு பெரிது. வானத்தில் தேர்வுக்கு முந்தைய ஒவ்வொரு மணி நேரமும் பெரிது.

யார் யாருக்கு என்ன வேலை

டிஜிசிஏ என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். தலைமையகம் டெல்லியில், சென்னை உட்படச் சில நகரங்களில் வட்டார அலுவலகங்கள் உண்டு. நீண்ட காலம் 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தின் கீழ் இயங்கியது. 2025 ஜனவரி 1 முதல் அந்த இடத்துக்கு ‘பாரதிய வாயுயான் அதினியம் 2024’ என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. சட்டத்துக்குக் கீழே விதிகள், விதிகளுக்குக் கீழே ‘சிஏஆர்’ எனப்படும் விரிவான தேவைப் பட்டியல்கள். ஒரு பள்ளி எப்படி இருக்கவேண்டும் என்பதெல்லாம் இந்த சிஏஆரில்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கு அரசு மொழியில் எஃப்டிஓ, பறப்புப் பயிற்சி நிறுவனம், என்று பெயர். நாடு முழுவதும் ஏறத்தாழ 40 எஃப்டிஓக்கள் இருக்கின்றன. சில பள்ளிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தளங்கள். உத்தரப்பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசு நடத்துவது. மற்றவற்றில் பெரும்பாலானவை தனியார் பள்ளிகள்.

இன்னும் இரண்டு பெயர்களைப் பலரும் டிஜிசிஏவோடு குழப்பிக்கொள்கிறார்கள். பல விமான நிலையங்களையும் வான்வழிக் கட்டுப்பாட்டையும் நடத்துவது ஏஏஐ, அதாவது இந்திய விமான நிலைய ஆணையம். 2022-இல் சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கியது இந்த அமைப்புதான். இடம் கிடைத்தாலும் பள்ளி நடத்தும் அனுமதியை டிஜிசிஏவிடம் தனியாக வாங்கவேண்டும். ஏஏஐபி என்பது விபத்துகளை விசாரிக்கும் அமைப்பு, 2012-இல் ஏற்படுத்தப்பட்டது. விதி போட்டவரே விபத்தையும் விசாரித்தால் தன் தவறைத் தானே மறைக்க இடமுண்டு என்பதால்தான் இந்தப் பிரிவினை.

பள்ளி திறக்கும் முன்

அனுமதி பல கட்டங்களாகக் கிடைக்கிறது. முதலில் பேச்சு, பிறகு முறையான விண்ணப்பம், பிறகு ஆவணப் பரிசீலனை, பிறகு நேரில் வந்து பார்ப்பது, எல்லாம் சரியென்றால் சான்றிதழ். இந்த ஐந்து படி முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆவணங்களில் முக்கியமானது பயிற்சி நடைமுறைக் கையேடு. யார் எப்போது மாணவரைத் தனியாகப் பறக்க அனுப்பலாம், காற்று எவ்வளவு வீசினால் பறப்பை நிறுத்தவேண்டும், பயிற்றுநர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று எல்லாவற்றையும் பள்ளியே எழுதிக்கொடுக்க வேண்டும். டிஜிசிஏ அதை ஏற்றுக்கொண்ட நொடியிலிருந்து அது பள்ளியைக் கட்டுப்படுத்தும். பின்னால் தணிக்கைக்கு வருகிறவர் சிஏஆரைப் பார்ப்பதோடு, ‘நீங்களே இப்படி எழுதிக்கொடுத்தீர்களே, ஏன் செய்யவில்லை?’ என்றும் கேட்பார்.

ஆட்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் பொறுப்பு மேலாளர்: பணம் செலவழிக்கும் அதிகாரம் உள்ளவர், எது தவறினாலும் டிஜிசிஏ முன் பதில் சொல்ல வேண்டியவர். இன்னொருவர் சிஎஃப்ஐ எனப்படும் தலைமைப் பயிற்றுநர். பயிற்சியின் தரம் இவர் கையில். நல்ல சிஎஃப்ஐ பள்ளியை விட்டுப் போனால், அதே ஓடுபாதை, அதே விமானங்கள் இருந்தாலும் அது வேறு பள்ளி ஆகிவிடுகிறது என்பேன்.

விமானங்களுக்குத் தனிச் சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் பறக்கத் தகுதியுடையது என்ற சான்று வேண்டும், அது காலாகாலத்தில் மறுபடி பார்க்கப்படவேண்டும். பராமரிப்பைச் செய்பவருக்கும் டிஜிசிஏ அனுமதி வேண்டும். இதைப் பார்ப்பது டிஜிசிஏவுக்குள் வேறொரு பிரிவு. பயிற்சியைப் பார்க்கும் அதிகாரி இன்ஜினைப் பார்ப்பதில்லை.

திறந்த பிறகு: தணிக்கை

அனுமதி கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பள்ளிக்கு எப்போது போவது என்று டிஜிசிஏ ஒரு கண்காணிப்புத் திட்டம் வகுக்கிறது. அதன்படி வருவது திட்டமிட்ட தணிக்கை. சொல்லாமல் வருவது திடீர்ச் சோதனை. விபத்து நடந்தாலோ புகார் வந்தாலோ வருவது மூன்றாவது வகை.

என்ன கண்டுபிடிக்கிறார்கள்? 2022 மார்ச்சில் நாடு முழுவதும் உள்ள பள்ளிகளில் டிஜிசிஏ தொடங்கிய சிறப்புத் தணிக்கை நல்ல எடுத்துக்காட்டு. சில இடங்களில் ஓடுபாதையின் மேற்பரப்பு தேய்ந்து கிடந்தது. காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கிழிந்திருந்தது. பறப்புக்கு முன் செய்யவேண்டிய மூச்சுப் பரிசோதனை, அதாவது மது அருந்தியிருக்கிறார்களா என்ற சோதனை, விதிப்படி நடக்கவில்லை.

கிழிந்த துணிக்குழாய் கேட்பதற்குச் சின்ன விஷயம். தனியாக முதல்முறை இறங்கவரும் மாணவருக்குக் கீழே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வது அதுதான். அதை மாற்ற ஒருவருக்கும் தோன்றாத பள்ளியில் இன்ஜின் எண்ணெயை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி தணிக்கையாளருக்கு வந்துவிடும். தினமும் கண்ணில் படுகிற குறையையே விட்டுவைத்தவர்கள், கண்ணில் படாததை என்ன செய்திருப்பார்கள்?

அந்த 200 மணி நேரம் உண்மையா?

கண்காணிப்பின் நடுமையம் இதுதான். இதில் ஏமாற்றினால் மற்ற எல்லாச் சோதனையும் வீண்.

2011-இல் இந்தியாவில் இது வெளியே வந்தது. போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உயர்நிலை உரிமம் வாங்கிய விமானிகள் முதலில் சிக்கினார்கள். தொடர்ந்து தோண்டியபோது, ராஜஸ்தானில் பறக்காத மணிநேரங்களைப் பறந்ததாக எழுதிக்கொடுத்த விவகாரம் ஊழல் தடுப்புப் போலீசிடம் போய்க் கைதுகள் நடந்தன. நாட்டின் பறக்கும் பள்ளிகள் எல்லாவற்றையும் தணிக்கை செய்ய அப்போது உத்தரவானது.

பொய் மணிநேரம் எழுதுவதில் லாபம் வெளிப்படை. பெட்ரோல் செலவில்லை, விமானம் தேய்வதில்லை, மாணவருக்கும் சீக்கிரம் முடிகிறது. இரண்டு தரப்புக்கும் வசதியான பொய் என்பதால் உள்ளிருந்து புகார் வராது. பிறகு எப்படிப் பிடிப்பது?

ஒரு பறப்பு ஒரே ஓர் இடத்தில் பதிவாவதில்லை என்பதுதான் வழி. மாணவரின் லாக்புக்கில் எழுதப்படுகிறது. பறப்புக்கு முன் பயிற்றுநர் கையெழுத்திடும் அனுமதிப் பதிவேட்டில் வருகிறது. விமானத்துக்கென்று தனிப் பயணப் பதிவேடு உண்டு. இன்ஜினுக்குத் தனி லாக்புக். எரிபொருள் எவ்வளவு நிரப்பினார்கள் என்ற கணக்கு. மூச்சுப் பரிசோதனைப் பதிவேடு. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள இடமென்றால் புறப்பட்ட நேரமும் இறங்கிய நேரமும் அங்கேயும் இருக்கும். அது பள்ளியின் கைக்கு எட்டாத பதிவு.

கற்பனையாக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மாணவரின் லாக்புக்கில் காலை 7 மணி முதல் 9 மணி வரை பறந்ததாக இருக்கிறது. அன்று காலை அந்த ஊரில் அடர்ந்த பனிமூட்டம் என்கிறது வானிலைப் பதிவு. அந்த விமானமோ 100 மணிநேரப் பராமரிப்புக்காகக் கொட்டகையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது என்கிறது பொறியாளரின் பதிவேடு. மூச்சுப் பரிசோதனைப் பட்டியலில் மாணவரின் பெயரே இல்லை. இப்படி நான்கு பதிவேடுகளை அருகருகே விரித்து வைத்தால் பொய் தானாக வெளியே வந்துவிடும். தணிக்கையாளரின் திறமை பெரும்பாலும் இந்த ஒப்பிடுதலில்தான் இருக்கிறது.

2021 நவம்பரில் டிஜிசிஏ தன் சேவைகளை ‘இஜிசிஏ’ என்ற இணையத் தளத்துக்குக் கொண்டுவந்தது. பறந்த மணிநேரங்களும் இப்போது அங்கே ஏறுகின்றன. தாளில் பிந்தி எழுதிச் சேர்ப்பது போல இதில் சத்தமில்லாமல் சேர்ப்பது கடினம். ஆனாலும் உள்ளே போகும் தகவலைக் கொடுப்பது பள்ளிதான். கணினி பொய்யைக் கடினமாக்கும், இல்லாமலாக்காது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டிஜிசிஏ பறப்பை நேரில் பார்ப்பதில்லை. பறப்பு விட்டுச் செல்லும் தடயங்களைப் பார்க்கிறது. தடயங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதே அதன் கேள்வி.

குறை கண்டால் என்ன ஆகும்?

கண்ட குறைகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உயிருக்கு நேரடி ஆபத்து உள்ளவை முதல் நிலை. உடனே நிறுத்திச் சரிசெய்யவேண்டும். மற்றவை இரண்டாம் நிலை. கெடு கொடுத்து, சரிசெய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். குறை இருப்பதாலேயே ஒரு பள்ளி மோசம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தணிக்கை ஒழுங்காக நடந்தால் எந்தப் பள்ளியிலும் சில குறைகள் தென்படும். சென்ற முறை கண்ட அதே குறை இந்த முறையும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்த படிகள்: விளக்கம் கேட்கும் நோட்டீஸ், பயிற்றுநரின் அல்லது பொறுப்பு மேலாளரின் தகுதியை நிறுத்திவைப்பது, அபராதம், பள்ளியின் அனுமதியையே நிறுத்திவைப்பது. 2020-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் அபராத உச்சவரம்பு 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்ந்தது.

2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதி அருகே ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் சில நாள் இடைவெளியில், 19-ஆம் தேதியும் 22-ஆம் தேதியும், விழுந்தன. ஆறு மாதத்துக்குள் ஐந்து சம்பவங்கள் என்று சுட்டிக்காட்டி, அந்தப் பள்ளியின் எல்லாத் தளங்களிலும் பயிற்சியை டிஜிசிஏ நிறுத்திவைத்தது. சரியான முடிவு. அதே சமயம் எந்தத் தவறும் செய்யாத மாணவர்கள் பாதிப் பயிற்சியோடு நின்றார்கள். தண்டனை பள்ளிக்கு என்றாலும் அதன் சுமை மாணவர் தலையிலும் விழுகிறது. பள்ளியின் பாதுகாப்பு வரலாற்றைச் சேரும் முன்பே விசாரிக்கச் சொல்வது அதனால்தான்.

கண்காணிப்பவரைக் கண்காணிப்பது

இந்தியா 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில் இருக்கிறது. அதிலிருந்து பிறந்த ஐநா அமைப்பு ஐசிஏஓ. ஒரு நாட்டின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஐசிஏஓ தணிக்கை செய்கிறது. சட்டம் இருக்கிறதா, தகுதியான ஆய்வாளர்கள் இருக்கிறார்களா, கண்ட குறைகளைத் தீர்க்கிறார்களா என்று எட்டு கூறுகளைப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ தனியாகவும் பார்க்கிறது. 2014 ஜனவரியில் இந்தியாவின் கண்காணிப்பு போதாது என்று சொல்லி இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அதன் விளைவாக இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியவில்லை. 2015 ஏப்ரலில்தான் பழைய தரம் திரும்பியது. ஆள் பற்றாக்குறை அன்றைக்கும் பேசப்பட்டது, இன்றைக்கும் பேசப்படுகிறது: டிஜிசிஏவில் ஏறக்குறையப் பாதிப் பணியிடங்கள் காலியாக இருப்பதை 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. பள்ளிகள் பெருகிக்கொண்டே போகும்போது தணிக்கைக்குப் போக ஆள் இல்லையென்றால், எத்தனை நல்ல விதி எழுதியும் என்ன பயன்? இதில் நாம் கோபப்படுவது நியாயம்.

அங்கீகாரம் சொல்லாதவை

அங்கீகாரம் என்பது குறைந்தபட்சக் கோடு. கோட்டைத் தொட்ட பள்ளிக்கும் வெகு மேலே நிற்கும் பள்ளிக்கும் அதே அங்கீகாரம்தான். இந்த வித்தியாசத்தை வெளியே காட்ட, 2025 அக்டோபர் முதல் டிஜிசிஏ ஆண்டுக்கு இருமுறை தரவரிசை வெளியிடத் தொடங்கியிருக்கிறது. பயிற்சியின் விளைவு, செயல்பாடு, பாதுகாப்பு, விதிகளைப் பின்பற்றுவது, மாணவருக்கான உதவி ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண். முதல் பட்டியலில் மேல் இரண்டு படிகளான ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ் ஆகியவற்றில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. சேர நினைப்பவர்கள் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் வேறொரு அளவுகோல் உண்டு. அங்கே ‘பார்ட் 141’ என்ற பிரிவில் வரும் பள்ளிகள் சான்றிதழைப் புதுப்பிக்க, தேர்வுக்கு அனுப்பியவர்களில் குறைந்தது 80 சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். எளிய, வெளிப்படையான விதி. இங்கேயும் அப்படியொன்று வந்தால் நன்றாக இருக்கும்.

வெளிநாட்டில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தப் பள்ளியைக் கண்காணிப்பது அந்த நாட்டின் அமைப்பு, டிஜிசிஏ இல்லை. திரும்பி வந்து உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும்போது, அங்கே கொடுத்த உரிமம் மெய்யானதா என்று அந்த நாட்டு அமைப்பிடம் டிஜிசிஏ கேட்டுச் சரிபார்க்கும். இங்குள்ள பாடத் தேர்வுகளும் மருத்துவத் தகுதியும் தனியாக வேண்டும். உள்ளூரில் தியரி மட்டும் சொல்லித்தரும் கோச்சிங் நிலையங்களும் எஃப்டிஓ ஆகாது. அவை ‘அப்ரூவ்டு’ என்று போட்டுக்கொண்டால் எதற்கு அப்ரூவல் என்று கேளுங்கள்.

அடுத்தது பணம். இந்தியாவில் பயிற்சிக்கு ஏறத்தாழ அரைக் கோடி ரூபாய் ஆகிறது. கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை டிஜிசிஏ நிர்ணயிப்பதில்லை. வேலைக்கு அது பொறுப்பேற்பதும் இல்லை. சொன்ன மாதங்களில் பயிற்சி முடியாமல் இழுத்தடிக்கப்படுவது மாணவர்கள் அதிகம் படும் பாடு. பல நேரங்களில் அதன் காரணம் எளிய கணக்கு: மாணவர் அதிகம், ஓடும் நிலையில் உள்ள விமானம் குறைவு.

ஆகவே பள்ளிக்கு நேரில் போங்கள். எத்தனை விமானம் ‘இருக்கிறது’ என்று கேட்காமல், இன்று எத்தனை பறந்தன என்று கேளுங்கள். எத்தனை பயிற்றுநர்கள், எத்தனை மாணவர்கள், சென்ற ஆண்டு 200 மணி நேரத்தை முடித்தவர்களுக்குச் சராசரியாக எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். அலுவலகத்தில் பேசியது போதும் என்று வந்துவிடாமல் விடுதியில் இருக்கும் மூத்த மாணவர்களிடமும் பேசுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் மறுத்துவிட்டு, பறந்த மணிநேரத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பணம் திரும்பத் தருவது பற்றிய விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான். பாதுகாப்பு மீறலோ பொய்ப் பதிவோ கண்ணில் பட்டால் டிஜிசிஏவின் வட்டார அலுவலகத்துக்கு, தேதி, நேரம், விமானத்தின் பதிவு எண் ஆகியவற்றோடு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த நாளின் எந்தப் பதிவேட்டைத் திறக்கவேண்டும் என்று தணிக்கையாளருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும்.